பொருந்தினால் போதுமா? சிறு டிராக்டரும் பழைய பேக்ஹோவும்

முன்னால் அகன்ற வாளி, பின்னால் மடங்கி நீளும் ஒரு கை. ஜேசிபி மண் தோண்டுவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. பின்னால் இருக்கும் அந்தக் கைதான் பேக்ஹோ. இன்று அது ஒரு தனி இயந்திரத்தின் உறுப்பாகத் தெரிந்தாலும், பிறந்தபோது டிராக்டரில் மாட்டும் கருவியாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வைனோ ஹோலோபைனன், ராய் ஹேண்டி என்ற இருவர் 1947-48இல் ஹைட்ராலிக் பேக்ஹோ ஒன்றை உருவாக்கி, ஃபோர்டு 8என் டிராக்டரின் பின்னால் பொருத்தினார்கள். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953இல் செய்த முதல் ஜேசிபி பேக்ஹோவும் ஃபோர்ட்சன் மேஜர் டிராக்டரின் மீது ஏறியதுதான்.

அந்த வழக்கம் அமெரிக்காவில் இன்றும் தொடர்கிறது. அங்கே ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் 20 முதல் 40 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர்கள் நிறைய உண்டு. கூபோட்டா, ஜான் டியர், இந்தியாவின் மஹிந்திரா ஆகியவை இந்தச் சந்தையில் முக்கியமானவை. வடிகால் குழாய் பதிக்க, மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க, கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்ட அவர்களுக்கு ஒரு பேக்ஹோ வேண்டும். புதிதாக வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகும். அதனால் இன்னொருவர் கழற்றி விற்கும் பழைய பேக்ஹோவைத் தேடிப் போகிறார்கள்.

விலை படிந்து, கருவி வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் கேள்வி எழுகிறது. வேறொரு டிராக்டருக்காகச் செய்த இதை என் டிராக்டரில் மாட்டலாமா? பின்கள் துளைகளில் நுழைகின்றன, ஹோஸ்களும் சேர்கின்றன, அது போதாதா? போதாது. பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள மூன்று வழிகளைப் பின்தொடர வேண்டும்: விசை போகும் வழி, எடை இறங்கும் வழி, எண்ணெய் ஓடும் வழி.

எண்ணெய் தரும் பலம்

25 குதிரைத்திறன் டிராக்டருக்கு ஒரு மரக்கட்டையை வேரோடு பிடுங்கும் வலிமை எங்கிருந்து வருகிறது? 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் கண்ட விதியிலிருந்து வருகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். அந்த அழுத்தத்தைப் பிஸ்டனின் பரப்பளவால் பெருக்கினால் கிடைப்பது விசை.

50 மி.மீ. உள்விட்டம் கொண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் பரப்பு 19.6 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் 170 பார் என்றால், அது நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 170 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 3,400 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கிறது. பிஸ்டன் தண்டு உள்ளே இழுபடும்போது தண்டு அடைத்துக்கொள்ளும் பரப்பைக் கழிக்க வேண்டும். 30 மி.மீ. தண்டு என்றால் விசை சுமார் 2,200 கிலோவாகக் குறையும்.

விசையைத் தீர்மானிப்பது அழுத்தம், வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டம். பம்ப் நிமிடத்துக்கு 25 லிட்டர் அனுப்பினால் அதே சிலிண்டர் விநாடிக்கு 21 செ.மீ. நீளும், 14 லிட்டர் மட்டுமே வந்தால் 12 செ.மீ. நீளும். 170 பார் அழுத்தத்தில் 25 லிட்டர் ஓட்டத்துக்குத் தேவையான திறன் சுமார் 7 கிலோவாட், அதாவது ஒன்பதரைக் குதிரைத்திறன்தான். ஆகவே சிறு டிராக்டரின் என்ஜின் இதற்குத் தாராளமாகப் போதும். 170 பாருக்கு வடிவமைத்த பேக்ஹோவுக்கு உங்கள் டிராக்டர் 130 பார்தான் தருகிறது என்றால், தோண்டும் விசை ஏறக்குறைய கால்பங்கு குறையும். ஆனாலும் வேலை நடக்கும். டிராக்டரின் அழுத்தம் கருவியின் எல்லையைத் தாண்டினால், அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் பேக்ஹோவின் ரிலீஃப் வால்வை அந்த எல்லைக்குள் திருத்தி வைத்தாக வேண்டும். ஓட்டம் தேவைக்கு மிஞ்சினால் கை பக்கவாட்டில் திரும்பும்போது வெடுக்கென்று உதறும்.

என்ஜினும் எண்ணெயும் விசையைத் தந்துவிட்டன. அந்த விசையை வாங்கிக்கொள்வது யார் என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது.

ஏருக்குப் பிறந்த இணைப்பு

டிராக்டரின் பின்னால் இருக்கும் மும்முனை இணைப்பு அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசனின் கொடை. கீழே இரண்டு இணைப்புக் கைகள், மேலே ஒரு டாப் லிங்க். 1939இல் வந்த ஃபோர்டு 9என் டிராக்டர் இதைப் பெரிய அளவில் பரப்பியது. அதற்கு முன் ஏர் வெறுமனே இழுத்துச் செல்லப்பட்டது. கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றுவிடும். ஃபெர்குசனின் அமைப்பில் மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் மேல்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து டாப் லிங்கை அழுத்துகிறது. அந்த அழுத்தம் டிராக்டரின் முன்பக்கத்தை நிலத்தோடு வைத்திருக்கிறது. உழவு இயந்திரங்களின் வரலாற்றில் மிக அழகான தீர்வுகளுள் இது ஒன்று.

பழைய பேக்ஹோக்களில் சில இந்த மும்முனை இணைப்பில் மாட்டும்படியே செய்யப்பட்டவை. சிறு டிராக்டர்களில் வழக்கமான முதல் வகை இணைப்பின் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. என்ற அளவுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. அதனால் இப்படிச் செய்த பேக்ஹோ எதுவும் எந்தச் சிறு டிராக்டரிலும் ஏறிவிடும். ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேக்ஹோ கையின் நுனியில் இருக்கும் பக்கெட், கீழ்ப் பின்களுக்கு 1.5 மீட்டர் கீழே மண்ணைக் கவ்வி, 800 கிலோ விசையோடு டிராக்டரை நோக்கி இழுக்கிறது. மண் அதே விசையோடு எதிர்ப்புறம் இழுக்கும். டாப் லிங்க் கீழ்ப் பின்களுக்கு 46 செ.மீ. மேலே இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி டாப் லிங்கில் விழும் அழுத்தம் 800 × 1.5 ÷ 0.46, அதாவது சுமார் 2,600 கிலோ. இரண்டு கீழ்க் கைகளும் சேர்ந்து தாங்க வேண்டிய இழுவிசை அதோடு 800 சேர்த்து 3,400 கிலோ. ஊன்றியிருக்கும் ஜாக்கி கால்கள் இதில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கிவிடும். ஈர மண்ணில் அவை வழுக்கினால் முழுச் சுமையும் இணைப்பின் மேல் வரும். கலப்பை நிலத்தின் மேல்தோலைக் கிழிப்பது. பேக்ஹோ ஆள் ஆழத்தில் மண்ணைப் பற்றுவது. கை நீளமாக ஆக, நெம்புதலும் அதே விகிதத்தில் பெருகுகிறது.

திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் மும்முனை இணைப்பின் ஹைட்ராலிக் தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. கருவி தன் எடையால்தான் கீழே இருக்கிறது. பேக்ஹோ ஓட்டுபவர் கையின் முதல் பகுதியான பூமைக் கீழ்நோக்கி அழுத்தும்போது பக்கெட் கெட்டியான தரையில் முட்டினால், மண் முழுக் கருவியையும் மேலே தள்ளும். தடுக்க அங்கே எதுவும் இல்லை. கருவி எழும்பி டிராக்டரை நோக்கி மடியும். ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பது இரண்டுக்கும் நடுவில். பின்னால் டிராக்டரின் கவிழ்வுக் காப்புக் கம்பி, முன்னால் எழுந்து வரும் பேக்ஹோ. மும்முனை இணைப்பில் மாட்டிய பேக்ஹோவின் கொடிய ஆபத்து இதுதான்.

சேசிஸ் இல்லாத வண்டி

லாரிக்கு அடியில் நீளமான சேசிஸ் இருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு அது கிடையாது. என்ஜின், கிளட்ச் உறை, கியர்பெட்டி, பின் அச்சு உறை ஆகியவை வரிசையாகப் போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கும்; அந்த உறைகளே வண்டியின் முதுகெலும்பு. அவை வார்ப்பிரும்பால் ஆனவை. சில சிறு டிராக்டர்களில் அலுமினிய வார்ப்பும் உண்டு. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையையும் வளைவையும் தாங்குவதில் பலவீனமானது. எஃகு உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். வார்ப்பிரும்பு எச்சரிக்காமல் விரிசல் விடும். பேக்ஹோவின் நெம்புதல் நாள்தோறும் முன்னும் பின்னுமாக இந்த உறைகளில் இறங்கினால், ஒரு நாள் பின் உறை பிளக்கும், அல்லது போல்ட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். மிச்சம் பிடித்த பணத்தைவிட அந்தச் செலவு பல மடங்கு.

இதற்கான தீர்வு துணைச்சட்டம். டிராக்டரின் அடியில் இருபுறமும் இரண்டு எஃகுத் தண்டவாளங்கள் ஓடும். அவற்றின் முன்முனை, முன்னால் வாளியைத் தாங்கும் லோடரின் சட்டத்தோடு சேரும். பின்பகுதி பின் அச்சு உறையைப் பிடித்துக்கொண்டு நீண்டு, பேக்ஹோவைத் தாங்கும் கொக்கிகளில் முடியும். இப்போது பக்கெட்டில் பிறக்கும் விசை பூம் வழியாகப் பேக்ஹோவின் சட்டத்துக்கும், அங்கிருந்து தண்டவாளங்களுக்கும், லோடருக்கும் போகிறது. கியர்பெட்டி உறை இந்தச் சண்டையிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொள்கிறது. கருவி மேலெழும்ப முயன்றாலும் தண்டவாளங்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வுட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே பேக்ஹோவை டிராக்டருக்கு டிராக்டர் வேறுபட்ட துணைச்சட்டங்களோடு விற்றதன் காரணம் இதுதான். பேக்ஹோ பொதுவானதாக இருக்கலாம். சட்டம் அந்தந்த டிராக்டருக்கே உரியது.

எடை எங்கே இறங்குகிறது

தோண்டாமல் சும்மா தூக்கிக்கொண்டு போகும்போதும் பேக்ஹோ டிராக்டரோடு மல்லுக்கட்டுகிறது. 350 கிலோ எடையுள்ள கருவியின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் இருப்பதாகவும், டிராக்டரின் அச்சிடைத் தூரம் 1.4 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். முன் சக்கரங்களிலிருந்து அது தூக்கிவிடும் எடை 350 × 0.9 ÷ 1.4, அதாவது 225 கிலோ. பின் அச்சின் மேல் கூடுதலாக விழுவது 575 கிலோ. முன் சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் ஸ்டியரிங் வேலை செய்யாது; மேட்டில் ஏறும்போது முன்பக்கம் எழும்பும். முன்னால் லோடர் இருந்தால் அதன் எடை இதை ஈடுகட்டும். பழைய பேக்ஹோவின் எடையை டிராக்டரின் கையேடு அனுமதிக்கும் எடையோடு ஒப்பிடாமல் மாட்டக் கூடாது. பின் டயரின் தாங்குதிறனும் இந்தக் கணக்கில் சேரும்.

தோண்டும் வேளையில் ஜாக்கி கால்களை இறக்கிப் பின் சக்கரங்களின் பாரத்தைக் குறைப்பார்கள். முன்னால் லோடர் வாளியைத் தரையில் அழுத்துவார்கள். டிராக்டர் அப்போது டயரின் துள்ளலிலிருந்து விடுபட்டு நிலத்தில் அகலமாகக் காலூன்றி நிற்கிறது. லோடர் இல்லாத சிறு டிராக்டரில் பேக்ஹோ மாட்டுவதை அனுபவசாலிகள் தவிர்ப்பதற்கு இது இன்னொரு காரணம்.

எண்ணெய் ஓடும் வழி

பெரும்பாலான சிறு டிராக்டர்களின் ஹைட்ராலிக் ஓபன் சென்டர் வகையைச் சேர்ந்தது. எந்த லீவரையும் தொடாதபோது பம்பிலிருந்து வரும் எண்ணெய் எல்லா வால்வுகளின் நடுவழியாகவும் தங்குதடையின்றி ஓடித் தொட்டிக்குத் திரும்பும். குளோஸ்டு சென்டர் வகையில் அந்த நடுவழி அடைபட்டிருக்கும். ஒரு வகைக்கான வால்வை மற்றொரு வகை டிராக்டரில் மாட்டினால் பம்ப் ஓயாமல் உழன்று எண்ணெயைக் கொதிக்க வைக்கும். ஆகவே பழைய பேக்ஹோவின் வால்வு எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

ஓபன் சென்டர் டிராக்டரில் பேக்ஹோவுக்கு எண்ணெய் எடுக்கும் சரியான இடம், எண்ணெயை அடுத்த வால்வுக்கு அனுப்பும் லோடர் வால்வின் பவர் பியாண்ட் வாய். பம்பிலிருந்து லோடர் வால்வு, அங்கிருந்து பேக்ஹோ வால்வு, அங்கிருந்து மும்முனைத் தூக்கி, கடைசியில் தொட்டி என்பது வழக்கமான வரிசை. சிலர் சிக்கனம் கருதி, டிராக்டரின் பின்புற ரிமோட் வாயில் ஹோஸ்களைச் செருகி, அதன் லீவரைக் கயிற்றால் கட்டி வைப்பார்கள். யாராவது அந்த லீவரைத் தவறான பக்கம் தள்ளினால், முழு அழுத்தமும் பேக்ஹோ வால்வின் திரும்பும் வழியில் பாயும். அந்த வழி உயர் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வால்வின் உடலே பிளக்கலாம். பேக்ஹோவைக் கழற்றி வைக்கும்போது இரண்டு ஹோஸ் முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றை மூடுவதும் கட்டாயம். மறந்துவிட்டு என்ஜினை இயக்கினால் பம்ப் முட்டுச்சந்தில் எண்ணெயைத் தள்ளும்.

டிராக்டரின் பம்ப் சிறியது என்றால் என்ஜின் திறனைக் கருவிகளுக்குத் தரும் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனிப் பம்பும் தனித் தொட்டியும் வைக்கலாம். செலவு கூடும். ஆனால் கருவியின் எண்ணெய் டிராக்டரின் எண்ணெயோடு கலக்காது என்பது பெரிய நன்மை. ஏனென்றால் பெரும்பாலான சிறு டிராக்டர்களில் கியர்பெட்டியும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன. பல ஆண்டுகள் வெட்டவெளியில் கிடந்த பேக்ஹோவின் சிலிண்டர்களில் தண்ணீரும் துருவும் தேங்கியிருக்கும். அதை அப்படியே இணைத்தால் அந்த அழுக்கு, பல சிறு டிராக்டர்களில் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாடிக் டிரான்ஸ்மிஷனுக்குள் போகும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள்கூட அதன் நுண்ணிய இடைவெளிகளைத் தேய்த்துவிடும். இணைப்பதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரையும் ஹோஸையும் வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். முதன்முறை இயக்கியபின் எல்லாச் சிலிண்டர்களையும் மெதுவாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் அளவை மறுபடி பார்க்க வேண்டும். சிலிண்டர்கள் நிரம்பும்போது அளவு சட்டென்று இறங்கும்.

மரைகளிலும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கருவிகளின் என்.பி.டி. குழாய் மரைக்கும், ஜப்பானிய டிராக்டர்களில் அதிகம் காணும் பி.எஸ்.பி. மரைக்கும் அரை அங்குல அளவில் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். ஆனால் முதலாவதன் புரிக்கோணம் 60 பாகை, இரண்டாவதன் கோணம் 55 பாகை. கையால் முடுக்கினால் சேர்வதுபோல் தோன்றும். அழுத்தம் ஏறியதும் கசியும். இறுக்கினால் வாய் விரிசல் விடும். இங்கும் அதே பாடம்: நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பக்கெட்டின் நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கை திரும்பும் இடத்தில் மேலும் கீழுமாக உள்ள பின்களின் இடைவெளி 30 செ.மீ. என்றால், அங்கே 1 மி.மீ. தேய்மானம் 3 மீட்டர் தள்ளியிருக்கும் நுனியில் 10 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். பின்னையும் புஷ்ஷையும் மாற்றிவிடலாம். துளையே முட்டை வடிவமாகியிருந்தால் கடைசல் பட்டறை வேலை வந்துவிடும். சிலிண்டர் தண்டின் குரோம் பூச்சு உரிந்திருந்தால் புதிய சீல் போட்டாலும் நிலைக்காது. பூமைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். வேகமாகக் கீழே இறங்கினால் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. வெல்டிங் மூட்டுகளில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மாடல் எண் பொறித்த தகடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டால் கையேடும் கிடைக்காது, துணைச்சட்டமும் கிடைக்காது.

சட்டத்தைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் அளவெடுப்பதிலேயே பாதிக் காலத்தைச் செலவிட வேண்டும். கை திரும்பும் செங்குத்துத் தண்டு உண்மையிலேயே செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் பாரமுள்ள பக்கெட் தானாகவே சரிவுப் பக்கம் ஓடும். டிராக்டரின் இருக்கை, காப்புக் கம்பி, பி.டி.ஓ. தண்டு எதிலும் கருவி இடிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு உறைகளிலும் காப்புக் கம்பியிலும் வெல்டிங் வைக்கவோ துளையிடவோ கூடாது. நிறுவனமே விட்டிருக்கும் போல்ட் துளைகளில், உயர்தர போல்ட்டுகளால் மட்டுமே பிடிக்க வேண்டும். வண்டியில் சட்டம் இருக்கும்போதே வெல்டிங் செய்ய நேர்ந்தால் பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே கவ்வ வேண்டும். இல்லையென்றால் மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொசுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகளை உரக்கச் சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே எறும்பு கடித்ததுபோல ஒரு புள்ளிதான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத்துண்டு ஒன்றை நீட்டிக் கசிவைத் தேடுங்கள். அடுத்தது பள்ளம். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. 5 அடிக்கு மேல் ஆழமான பள்ளத்தில் பக்கச்சுவருக்கு முட்டுக்கொடுக்காமல் தொழிலாளரை இறக்க அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால் நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் குறித்துத் தரும் ஏற்பாடும் அந்நாட்டில் உண்டு.

மொத்தத்தில், பழைய பேக்ஹோ என்பது பாதி இயந்திரம்தான். மறுபாதி அதைத் தாங்கும் சட்டம். உங்கள் டிராக்டர் மாடலுக்கான துணைச்சட்டத்தோடு வரும் பேக்ஹோ விலை கூடினாலும் மலிவானது. சட்டம் இல்லாமல் வருவதென்றால் சட்டத்தின் விலையையும் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தச் சட்டம் கிடைக்கவும் கிடைக்காது, செய்யவும் முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பேக்ஹோவை வாங்காதீர்கள். இரண்டு நாள் வாடகைக்கு ஒரு இயந்திரத்தை அழைத்து வேலையை முடிப்பது உங்கள் டிராக்டருக்கும் நல்லது, உங்கள் உயிருக்கும் நல்லது.